ரேட் லிமிட் போட்ட நாளில இருந்து கரைக்கு வந்த போட்டும் திரையில கடலுக்குள்ளதான் நிக்குது (ஜாவா, மல்டி த்ரெட்)

உவர்மலைக்காரி · திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன். சுருக்கி எழுதினா "எழுதின புரோகிராமைப் போடு, லொக் ஃபைலை (சேர்வர் எழுதி வைக்கிற பதிவை) போடு" எண்டு ஒவ்வொண்டாக் கேப்பீங்கள், அதுக்கு இப்பவே எல்லாத்தையும் கொட்டிவிடுறன்.

திருகோணமலை திருக்கடலூர்க் கரையில இருந்து ராத்தொழிலுக்கு (ராத்திரி மீன்பிடிக்க) போற பைபர் போட் 140 இல ஜிபிஎஸ் பொக்ஸ் பூட்டியிருக்கிறம். என்ர மாமா சம்மாட்டி, அதாவது போட் முதலாளி. அவர்தான் மற்ற சம்மாட்டிமாரையும் சேர்த்துக் காசு போட்டுத் தொடக்கினவர். சேர்வர் பக்கம் முழுக்க என்ர பொறுப்பு. சம்பளம் எண்டு ஒண்டும் இல்லை, கிழமைக்கு ரெண்டு தரம் மீன் வரும்.

பொக்ஸ் 30 செக்கனுக்கு ஒருக்கா தான் நிக்கிற இடத்தை அனுப்பும். வெளிக்கடலில சிக்னல் இல்லை, அந்த நேரம் புள்ளிகளைத் தனக்குள்ளேயே சேர்த்து வைச்சிருக்கும். விடியக் கரைப் பக்கம் திரும்பி, கோணேசர் மலை வடிவாத் தெரியிற தூரத்துக்கு வந்தா சிக்னல் பிடிக்கும். உடன சேர்த்து வைச்சதைப் பழசில இருந்து ஒவ்வொண்டா அனுப்பத் தொடங்கும். ஒண்டுக்குப் பதில் வந்தாத்தான் அடுத்தது. 20 செக்கனுக்குள்ள பதில் வராட்டி அதையே திரும்ப அனுப்பும். 8 மணித்தியாலம் சிக்னல் இல்லாமல் கிடந்தா ஒரு போட்டுக்கு 960 புள்ளி சேரும்.

சேர்வர் எண்டது சிங்கப்பூரில வாடகைக்கு எடுத்த ரெண்டு கோர் மெஷின். ஜாவா 21, ஜாவாவோடயே வாற சின்ன எச்டிடிபி சேர்வர், 64 த்ரெட் (ஒரே நேரத்தில வேலை செய்யிற 64 ஆக்கள் மாதிரி) உள்ள பூல், பின்னால போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சோதிச்சுப் பார்த்தனான், செக்கனுக்கு 400 புள்ளி நிம்மதியா எழுதும்.

போன மாசம் ஒரு பொக்ஸுக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது. பதிலைப் பாக்காமல் ஒரே புள்ளியை விடாமல் அனுப்பி, ஒரு ராத்திரிக்குள்ள டிஸ்க்கை நிரப்பிப் போட்டுது. அந்த அந்தரத்தில இருந்து எழுதின ரேட் லிமிட்டர் இது, ஒருத்தர் செக்கனுக்கு எத்தினை தரம் அனுப்பலாம் எண்டு கட்டுப்படுத்திறது. தமிழிலயே எழுதுறன், ஜாவா எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கு விளங்கும்:

    பூட்டைப் பிடி
        கடைசி = அட்டவணை[ஐபி]
        இப்ப − கடைசி, 100 மில்லிசெக்கனுக்குக் குறைவெண்டா:
            மிச்ச நேரம் தூங்கு
        அட்டவணை[ஐபி] = இப்ப
    பூட்டை விடு
    புள்ளியை டேட்டாபேஸில எழுது

அதாவது ஒரு ஐபிக்கு (இன்டர்நெட் முகவரிக்கு) செக்கனுக்கு 10 புள்ளி. ஒழுங்கா ஓடுற பொக்ஸுக்கு அது தாராளம் எண்டு நினைச்சன். பைத்தியம் பிடிச்ச பொக்ஸ் அடங்கினது உண்மை. ஆனா மற்றதெல்லாமும் சேர்ந்து அடங்கிட்டுது.

6 மணிக்குக் கரைக்கு வந்த போட், திரையில பத்து மணி ஆகப்போற வரைக்கும் வெளிக்கடலிலயே நிக்குது. நேற்று 7 மணிக்கு மாமி அழுதுகொண்டு போன் எடுத்தா, "அவர் இன்னும் 20 கிலோமீற்றருக்கு அங்கால அசையாமல் நிக்கிறார் பிள்ளை, என்ஜின் பழுதோ தெரியேல்ல" எண்டு. நான் வாடிக்கு (கரையில இருக்கிற மீன்பிடிக் கொட்டிலுக்கு) ஓடிப் போனன். மாமா ஈரச் சாரத்தோட குந்தியிருந்து வலையில சிக்கின நண்டைப் பிடுங்கிக்கொண்டு பிளேன்டீ குடிக்கிறார். "கடலுக்குள்ள நிக்கிறனாமே?" எண்டு என்னையே கேக்கிறார். எனக்கு வந்த வெக்கத்தைச் சொல்லேலாது.

மீன் எடுக்கிற ஆக்கள் பாக்கிற வெப் பக்கமும் காலையில திறக்க 10, 15 செக்கன் எடுக்குது. அந்த நேரத்திலயும் சிபியு 3 வீதத்தைத் தாண்டேல்ல. த்ரெட் 64 ஐ 200 ஆக்கிப் பார்த்தன், ஒரு மாற்றமும் இல்லை. எந்தப் போட்டின்ர லொக் ஃபைலை எடுத்துப் பார்த்தாலும் 14 செக்கனுக்கு ஒரு புள்ளி, மணிக்கூடு வைச்ச மாதிரி.

பெரிய மெஷினுக்கு மாறுறதோ? மாதக் காசு ரெண்டு மடங்காகும். சம்மாட்டிமாரிட்டக் கேக்க முந்தி உங்களிட்டக் கேக்கிறன்.

---

கிண்ணியா_நானா · திங்கள், இரவு 10.25

தங்கச்சி, மெஷினை மாத்தாதீங்க. சிபியு 3 வீதத்தில கிடக்கு எண்டா சேர்வர் வேலை செய்து களைக்கல்ல, சும்மா நிக்கிது. எங்க நிக்கிது எண்டுதான் பாக்கணும்.

உங்கட கோடில தூங்குற வரி பூட்டுக்கு உள்ள இருக்கு. தூங்க வைக்கிறதில பிழை இல்ல, சாவிய மடியில வைச்சுக்கொண்டு தூங்குறதுதான் பிழை. பூட்டு ஒண்டு, த்ரெட் 64. ஒருவர் 100 மில்லிசெக்கன் தூங்கினா மிச்சம் 63 பேரும் வாசல்ல நிப்பாங்க. அதில உங்கட வெப் பக்கத்தப் பாக்க வந்தவரும் ஒருவர். அவருக்கு லிமிட்டே படாது, ஆனாலும் அவரும் நிக்கணும். த்ரெட்ட 200 ஆக்கினா வரிசை நீளும், அவ்வளவுதான்.

எங்கட ஊருக்கு 2009 இல பாலம் திறக்க முந்தி பாதையில (ஆள், வாகனம் ஏத்துற மிதவையில) ஏறித்தான் திருகோணமலைக்குப் போவம். வாகனம் ஏத்துற இடத்தில ஒரு லொறி நிண்டுபோனா, பின்னால சைக்கிளோட நிக்கிற ஸ்கூல் பிள்ளைக்கும் அண்டைக்கு ஸ்கூல் இல்ல. லொறிக்காரனுக்கு அவசரமில்லாம இருக்கலாம், ஆனா அவன் ஓரத்தில ஒதுங்கி நிண்டு யோசிக்கணும், ஏத்துற இடத்தில நிண்டு யோசிக்கப்படாது.

செய்யவேண்டியது இதுதான். பூட்டுக்கு உள்ள கணக்கு மட்டும் பாருங்க. "என்ர முறை எத்தினை மணிக்கு" எண்டு கண்டுபிடிச்சு, அந்த நேரத்த அட்டவணையில எழுதிப்போட்டு வெளிய வாங்க. வெளிய வந்து தூங்குங்க.

ஒரு விசயம் கவனம். சும்மா தூக்கத்த மட்டும் வெளிய எடுத்தா வேற பிழை வரும். பத்து த்ரெட் ஒரே "கடைசி" நேரத்த வாசிச்சு, பத்தும் 100 மில்லிசெக்கன் தூங்கி, பத்தும் ஒண்டா எழும்பி உள்ள பாயும். பிறகு லிமிட் எண்டு ஒண்டு இருக்கா? அதால முறைய எழுதிப்போட்டுத்தான் வெளிய வரணும். அடுத்தவன் அதுக்குப் பிறகு உள்ள முறைய எடுப்பான்.

---

கோவை_கோப்பை · திங்கள், இரவு 11.02

ஜாவா 21தானே வச்சிருக்கீங்க, அப்புறம் எதுக்கு 64 த்ரெட் பூல்? விர்ச்சுவல் த்ரெட்டுக்கு (ஜாவாவே நடத்துற லேசான த்ரெட்) மாத்துங்க, ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு விர்ச்சுவல் த்ரெட். எக்ஸிகியூட்டர்ல ஒரே ஒரு வரி மாத்தினா போதும். ஆயிரம் பேர் தூங்கினாலும் மெமரி பெருசா ஏறாது.

இல்லன்னா முன்னாடி ஒரு என்ஜின்எக்ஸ் (வாசல்ல நிக்கிற வெப் சேர்வர்) வச்சு அதுலயே லிமிட் பண்ணிடுங்க. நாங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் பண்றோம்.

---

பழைய_நூல் · செவ்வாய், காலை 5.50

கோவைத் தம்பி, விர்ச்சுவல் த்ரெட் நல்ல யோசனை, ஆனா தனியா அதை மட்டும் போட்டா இந்தப் பிள்ளைக்கு உதவாது. பூட்டு ஒண்டுதான் எண்டா விர்ச்சுவல் த்ரெட்டும் அதே வரிசையிலதான் நிக்கும். போதாததுக்கு 21 இல சிங்க்ரனைஸ்ட் எண்டு பூட்டுப் போட்ட பகுதிக்குள்ள தூங்கினா, கீழ ஓடுற உண்மையான த்ரெட்டையும் சேர்த்துப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். அதை ஜாவா 24 இல, 2025 மார்ச்சிலதான் திருத்தினவை. முதல் நானா சொன்னதைச் செய்யவேணும், அதுக்குப் பிறகு உம்மட வரி.

என்ஜின்எக்ஸ் கதையைப் பிறகு பாப்பம். அதை முன்னால வைச்சா ஜாவாவுக்கு எல்லாரும் 127.0.0.1 இல (அந்த மெஷின்ர சொந்த முகவரியில) இருந்து வாற மாதிரித்தான் தெரியும். உண்மையான ஐபியைத் தலைப்பில அனுப்பச் சொல்லி வைக்கோணும். இப்ப இருக்கிற குழப்பம் காணும்.

---

உவர்மலைக்காரி · புதன், காலை 10.15

நானா சொன்ன மாதிரி முறையை எழுதிப்போட்டு வெளிய வந்து தூங்கிறதா மாத்தினன். கோவை அண்ணா சொன்ன விர்ச்சுவல் த்ரெட்டும் போட்டாச்சு. அது இல்லாட்டி 64 த்ரெட்டும் தூங்கிப்போக வெப் பக்கம் பழையபடி வரிசையில நிண்டிருக்கும் எண்டு இரவு சோதிக்கேக்க விளங்கிச்சுது.

இண்டைக்கு விடியப் பார்த்தன். வெப் பக்கம் சடார் எண்டு திறக்குது, மீன் எடுக்கிற ஆக்களுக்குச் சந்தோசம்.

ஆனா போட்? 14 செக்கனுக்கு ஒண்டு. ஒரு செக்கன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாமா இண்டைக்கும் கடலுக்குள்ளதான். மாமிக்கு விடிய நாலு மணிக்கே "திரையைப் பாக்க வேண்டாம்" எண்டு மெசேஜ் போட்டுட்டன். திரையே பாக்க வேண்டாம் எண்டா நான் எதுக்கு?

பூட்டு எண்டா இப்ப மைக்ரோசெக்கன் கணக்கிலதான் பிடிபடுது, அளந்து பார்த்தனான். எனக்கு இனி ஒண்டும் ஓடேல்ல.

---

தனி_இழை · புதன், காலை 10.40

ரெடிஸ் (மெமரியிலயே ஓடுற டேட்டாபேஸ்) போட்டுப் பாருங்கோவன்?

---

பழைய_நூல் · புதன், மதியம் 12.30

ரெடிஸ் எதுக்குத் தம்பி? நாலு சேர்வர் ஒரே கணக்கைப் பங்கு போடுறதெண்டா அது வேணும். இது ஒரு மெஷின், ஒரு புரோசஸ். வீட்டுக் கிணத்தில தண்ணி அள்ள பவுசர் (தண்ணி லொறி) கூப்பிடுற கதை.

பிள்ளை, 14 ஐ 10 ஆல பெருக்கிப் பாரும். செக்கனுக்கு 10 எண்டு லிமிட் வைச்சிருக்கிறீர், ஒவ்வொரு போட்டுக்கும் 14 செக்கனுக்கு ஒருக்கா முறை வருது. அப்ப அந்த வரிசையில எத்தினை பேர் நிக்கினம்? 140. உம்மட போட் எத்தினை?

இன்னொரு கணக்கும் போட்டுப் பாரும். 140 போட், 960 புள்ளி, மொத்தம் 1,34,400. செக்கனுக்கு 10 எண்டா 13,440 செக்கன், 3 மணி 44 நிமிசம். 6 மணிக்குத் தொடங்கினா எத்தினை மணிக்கு முடியும்? நீர் சொன்ன பத்து மணி ஆகப்போற நேரம்தான்.

இப்ப ஒரு வேலை செய்யும். காலைமை லொக் ஃபைலில பொக்ஸுகள் எத்தினை வெவ்வேற ஐபியில இருந்து வந்திருக்கு எண்டு எண்ணிச் சொல்லும். பதிலை நான் இப்பவே சொல்லலாம், ஆனா உம்மட கண்ணால பாரும்.

---

உவர்மலைக்காரி · புதன், மதியம் 12.52

ஒண்டு.

140 பொக்ஸும் ஒரே ஐபி. ஐயோ. சிம் எல்லாம் ஒரே பொதியில ஒண்டா எடுத்தது, ஒரே ஏபிஎன் (போன் நிறுவனத்தில இருந்து இன்டர்நெட்டுக்குப் போற வாசல்). மலிவா வரும் எண்டு நான்தான் பேரம் பேசினனான்.

---

பழைய_நூல் · புதன், இரவு 8.20

தலையில கை வைக்காதையும். ரேட் லிமிட் பற்றி எழுதின பாடம் எதை எடுத்தாலும் முதல் வரியில ஐபியைத்தான் திறப்பா (ஆளைப் பிரிச்சு அறியிற அடையாளமா) வைக்கச் சொல்லும். வீட்டுக்கு ஒரு ஐபி இருந்த காலத்தில அது சரி. போன் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான சிம்மை ஒரு பொது ஐபிக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறது எப்பவோ வழமையாப்போச்சு. அதுக்கெண்டே 2012 இல 100.64 எண்டு தொடங்கிற ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கினவை, கிட்டத்தட்ட 42 இலட்சம் முகவரி. ஐபிவி6 இல பிரச்சினை மற்றப் பக்கம்: ஒரு வீட்டுக்கே கணக்கில்லாத முகவரி கிடைக்கும், அங்க முதல் 64 பிட்டை ஒரு ஆளாக் கருதவேணும். ரெண்டிலயும் ஐபி எண்டது ஆள் இல்லை.

உம்மட ஆள் பொக்ஸ். ஒவ்வொரு பொக்ஸுக்கும் இலக்கம் இருக்கும்தானே, அதைத் திறப்பா வையும். இலக்கம் உம்மட பட்டியலில இருக்கோ எண்டு பார்த்த பிறகுதான் அட்டவணையில இடம் குடுக்கவேணும். இல்லாட்டி எவனும் பொய் இலக்கமா அனுப்பி அட்டவணையை ஊதப்பண்ணி மெமரியை முடிச்சுப்போடுவான்.

இனி அளவு. 100 மில்லிசெக்கனுக்கு ஒண்டு எண்டு இறுக்கிப் பிடிச்சு வைச்சிருக்கிறீர். உம்மட பொக்ஸ் நாள் முழுக்க 30 செக்கனுக்கு ஒண்டு அனுப்பும், விடியக் காத்தால மட்டும் 960 ஐக் கொட்டும். அது களவில்லை, ராத்தொழில் அப்பிடித்தான். அதுக்கு டோக்கன் வாளிதான் சரி. ஒரு பொக்ஸுக்கு ஒரு வாளி, 60 டோக்கன் பிடிக்கும், செக்கனுக்கு 2 டோக்கன் ஊறும். டோக்கன் இருக்கிற வரைக்கும் தடை இல்லை, முடிஞ்சா ஊறிற வேகத்துக்குத்தான் விடும்.

960 இல 60 உடன போகும், மிச்சம் 900 ஐ 2 ஆல பிரிச்சா 450 செக்கன். ஏழரை நிமிசம். பேர் சரியில்லை, ஆனா மூண்டேமுக்கால் மணித்தியாலத்துக்கு இது எவ்வளவோ மேல். 140 போட்டும் ஒண்டா வந்தாலும் செக்கனுக்கு 280, உம்மட டேட்டாபேஸ் 400 தாங்கும் எண்டனீர்.

வாளிக்குள்ள டோக்கனை எண்ணி வைக்கத் தேவையில்லை. பொக்ஸுக்கு ஒரே ஒரு எண் காணும், "அடுத்த முறை எப்ப" எண்ட நேரம்:

    புதுநேரம் = பெரியது(பழையநேரம், இப்ப) + 500 மில்லிசெக்கன்
    காத்திருப்பு = புதுநேரம் − இப்ப − 30 செக்கன்
    காத்திருப்பு 0 அல்லது குறைவு: உடன விடு
    5 செக்கனுக்கு மேல: 429 குடு, புதுநேரத்தை எழுதாத
    இடையில: புதுநேரத்தை எழுதிப்போட்டு, அவ்வளவு நேரம் தூங்கு

30 செக்கன் எண்டது 60 டோக்கனை 500 மில்லிசெக்கனால பெருக்கினது. ஏடிஎம் எண்ட பழைய தொலைத்தொடர்பு வலையமைப்பு இருந்த காலத்துச் சூத்திரம் இது. காசு எடுக்கிற ஏடிஎம் இல்லை, அது வேற. ஒரே எண் எண்டபடியால அட்டாமிக் லோங் (பூட்டில்லாமலே பல த்ரெட் பிழையில்லாமல் மாத்தக்கூடிய எண்) ஒண்டு காணும், பூட்டே தேவையில்லை. ஒப்பிட்டு மாத்து, இடையில வேற ஒருத்தர் மாத்திட்டா திரும்பக் கணக்குப் பார். மைக்ரோசெக்கன் வேலை.

429 பற்றி ஒரு எச்சரிக்கை. "கூடிப்போச்சு, பிறகு வா" எண்டு சொல்லுற இலக்கம் அது, எத்தினை செக்கன் கழிச்சு வரச் சொல்லியும் ஒரு தலைப்பில அனுப்பலாம். கேக்கிறவனுக்கு அது நல்ல வழி. உம்மட பொக்ஸ் 429 ஐக் கண்டா என்ன செய்யும்?

---

உவர்மலைக்காரி · புதன், இரவு 8.41

200 ("சரி, கிடைச்சுது" எண்ட பதில்) தவிர எது வந்தாலும் உடன திரும்ப அனுப்பும். ஒரு மில்லிசெக்கனும் பொறுக்காது. மென்பொருளை மாத்த எங்களிட்ட வழி இல்லை, வித்த ஆள்தான் மாத்தித் தரவேணும்.

---

பழைய_நூல் · புதன், இரவு 8.55

அதுக்குத்தான் கேட்டனான். ஒழுங்கான பொக்ஸுக்கு 429 குடுத்தீரெண்டா நீரே அதைப் பைத்தியமாக்கிறீர். அதைப் பதிலுக்காகக் காக்க வையும். பதில் வராமல் அடுத்ததை அனுப்பாத சாதி அது. நீர் அரைச் செக்கன் பிந்திப் பதில் குடுத்தா அதுவும் அரைச் செக்கன் பிந்தும். எந்த நேரமும் ஒரு பொக்ஸிட்ட இருந்து ஒரு கேள்விதான் உள்ள நிக்கும், 140 க்கு மேல ஏறவே ஏறாது. விர்ச்சுவல் த்ரெட்டில 140 பேர் தூங்கிறது ஒரு பாரமே இல்லை. கோவைத் தம்பி, உம்மட வரி இங்கதான் வேலை செய்யுது.

429 பைத்தியத்துக்கு மட்டும். பதிலைப் பாராமல் பத்து, இருவது கனெக்சன் திறக்கிற பொக்ஸுக்குத்தான் காத்திருப்பு 5 செக்கனைத் தாண்டும். அதை டேட்டாபேஸ் பக்கம் விடாமல் வாசலிலயே திருப்பிவிட்டாக் காணும். திரும்பத் திரும்ப வரும்தான், ஆனா ஒரு அட்டாமிக் லோங்கை வாசிச்சுத் திருப்பி அனுப்பிறதுக்குச் செலவு ஒண்டும் இல்லை. டிஸ்க் நிரம்பாது.

---

உவர்மலைக்காரி · வியாழன், இரவு 11.30

எழுதியாச்சு. நாளைக்கு விடிய ஏத்தப்போறன். யாராவது ஒருக்காக் கண்ணோட்டம் விடுங்கோ:

    ஒரு பொக்ஸ் முதல் தரம் வந்தா: நேரம் = 0
    இப்ப = நானோடைம்
    மிச்சம் எல்லாம் மேல ஐயா எழுதின மாதிரி

சாதாரண மணிக்கூட்டை விட்டுட்டு நானோடைம் (ஜாவாவில நேர இடைவெளி அளக்கிற மணிக்கூடு) எடுத்தனான், அது பின்னுக்குப் போகாது எண்டபடியால.

---

கிண்ணியா_நானா · வெள்ளி, அதிகாலை 12.10

நானோடைம் எடுத்தது சரி. ஆனா 0 எண்டு தொடங்காதீங்க தங்கச்சி. நானோடைமுக்கு எது பூச்சியம் எண்டு ஒரு உத்தரவாதமும் இல்ல, மறைப் பெறுமானமாவும் (பூச்சியத்துக்குக் கீழயும்) வரலாம் எண்டு ஜாவா ஆவணத்திலயே எழுதியிருக்கு. லினக்ஸில பொதுவா மெஷின் எழும்பின நேரத்தில இருந்து எண்ணும், அதால உங்கட சேர்வரில இது ஒருநாளும் தெரியாமலே போகலாம். ஆனா "இப்ப" மறையா இருக்கிற இடத்தில பெரியது(0, இப்ப) எண்டா 0 தான் வரும். அதில இருந்து இப்பவைக் கழிச்சா காத்திருப்பு மணித்தியாலக் கணக்கில போகும். முதல் தரம் வாற பொக்ஸ் எல்லாத்துக்கும் 429 தான்.

முதல் நேரம் = இப்ப எண்டு வைங்க, முடிஞ்சிது. ரெண்டு நேரத்த ஒப்பிடக்குள்ளயும் நேர பெரிசு சின்னன் பாக்காம, கழிச்சு வாறது பூச்சியத்துக்கு மேலயா கீழயா எண்டு பாருங்க.

இந்தப் பிழைய நான் தோஹாவில ஒரு வேலையில விட்டு ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அலைஞ்சனான். ஜும்ஆவுக்கும் பிந்திட்டன்.

---

கோவை_கோப்பை · வெள்ளி, காலை 9.05

என்ன ஆச்சுங்க? போட் எல்லாம் கரை சேர்ந்துச்சா?

---

உவர்மலைக்காரி · வெள்ளி, காலை 10.50

சேர்ந்திட்டுது. நானா சொன்னதையும் திருத்திப்போட்டு 4 மணிக்கு ஏத்தினன். பிறகு நித்திரை வரேல்ல, கரைக்கே போயிட்டன்.

முதல் போட் 5.48 க்குச் சிக்னல் பிடிச்சுது. வாடி வாசலில போனை வைச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். திரையில அந்தப் புள்ளி ராத்திரி போன வழியெல்லாம் விறுவிறு எண்டு ஓடுது: வலை விட்ட இடம், நீரோட்டத்தோட இழுபட்ட வளைவு, திரும்பின இடம். 5.56 க்கு அது இருக்கவேண்டிய இடத்தில நிண்டுது. தலையை நிமித்திப் பார்த்தா உண்மையாவே போட் அங்கதான் வருது. இதைப் பாக்கிறதுக்குத்தான் ரெண்டு மாசம் வேலை செய்தனான்.

140 இல 131 போட் நேற்றுத் தொழிலுக்குப் போனது. ஒவ்வொண்டும் சிக்னல் பிடிச்சதில இருந்து எட்டு நிமிசத்துக்குள்ள முடிச்சிட்டுது. சிபியு 20 வீதத்துக்கு ஏறினது. இவ்வளவு நாளும் 3 வீதத்தில கிடந்ததைப் பார்த்து நல்லா ஓடுது எண்டு நினைச்ச என்னை என்ன சொல்ல.

429 வாங்கினது ஒரே ஒரு பொக்ஸ். போன மாசம் டிஸ்க்கை நிரப்பின அதேதான். 11 ஆயிரம் தரம் கதவைத் தட்டியிருக்கு, மற்ற ஒருவருக்கும் அது தெரியாது. கழட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறன். திறந்து பார்த்தா உப்புத் தண்ணி போயிருக்கும் எண்டு நினைக்கிறன், மூடியின்ர ரப்பர் வெடிச்சுக் கிடக்கு.

மெஷினை மாத்தேல்ல. சம்மாட்டிமாரிட்டக் காசும் கேக்கேல்ல.

---

பழைய_நூல் · வெள்ளி, காலை 11.20

நல்லது பிள்ளை. ஒரு வேலை மிச்சம் இருக்கு. பழசில இருந்து புதுசுக்கு அனுப்பிற மட்டும், எட்டு நிமிசமெண்டாலும் உம்மட மாமிக்கு அந்த எட்டு நிமிசமும் போட் கடலுக்குள்ளதான். சிக்னல் பிடிச்ச உடன கடைசிப் புள்ளியை முதல் அனுப்பட்டும், பழசு ஆறுதலா வரட்டும். ஏலுமெண்டா ஐம்பது புள்ளியை ஒரு பொதியாக் கட்டி அனுப்பச் சொல்லும். 960 கேள்வி 20 ஆகும், இந்த லிமிட்டருக்குப் பாதி வேலை இல்லாமல் போகும்.

---

உவர்மலைக்காரி · வெள்ளி, மதியம் 12.05

அது பொக்ஸுக்குள்ள இருக்கிற மென்பொருளில மாத்தவேண்டியது, ஐயா. வித்த ஆளுக்கு மூண்டு கிழமைக்கு முந்தியே எழுதினனான், வாடைக் காத்து தொடங்க முந்தி வேணும் எண்டு. நேற்றுத்தான் "உங்கட செய்தி கிடைத்தது" எண்டு ஒரு வரி வந்தது. அவர் எனக்கு மாசத்துக்கு ஒரு டோக்கன்தான் வைச்சிருக்கிறார் போல.

நானா, பாரை மீன் நல்லா வந்திருக்கு. லீவில வந்தா வாடிப் பக்கம் வாங்கோ, மாமா உங்களைப் பாக்கவேணுமாம்.